மெல்லிய லேப்டாப் வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும்: கடலூர், புதுச்சேரிக்கான முழுமையான வழிகாட்டி

ஒன்றேகால் கிலோ எடையும் ஒன்றரை சென்டிமீட்டர் தடிமனும் உள்ள லேப்டாப் இப்போது நடுத்தர விலையிலேயே கிடைக்கிறது. காலாப்பட்டுக்கும் சிதம்பரத்துக்கும் தினமும் பஸ்ஸில் போய் வரும் மாணவர்களுக்கும், கடலூரில் வீடும் புதுச்சேரியில் வேலையுமாக இருப்பவர்களுக்கும் அந்த எடைக் குறைவு தோளில் தெரியும். ஆனால் அதற்கு ஈடாகச் சிலவற்றை விட்டுக்கொடுக்கிறோம். நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும் வேகம் குறையும், போர்ட்டுகள் குறையும், பின்னால் ஒரு பாகத்தை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பும் குறையும். இதோடு நம் ஊரின் வெயிலும் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கின்றன. விளம்பரப் பக்கத்தில் இவை இருக்காது என்பதால் வரிசையாகப் பார்ப்போம்.

படி 1: பின்னால் மாற்ற முடியாததை முதலில் முடிவு செய்யுங்கள்

முதலில் ரேம். மெல்லிய மாடல்களில் பெரும்பாலும் எல்பிடிடிஆர்5எக்ஸ் வகை ரேமை மதர்போர்டிலேயே சால்டர் செய்து (பற்றவைத்து) விடுகிறார்கள். 2024-இல் வந்த இன்டெல் கோர் அல்ட்ரா 200வி வரிசையில் ரேம் ப்ராசஸரோடு ஒரே பொதியாகவே வருகிறது. 16 அல்லது 32 ஜிபி மட்டும்தான். வாங்கும்போது எது இருக்கிறதோ அதுதான் கடைசி வரை. விவரப் பக்கத்தில் ‘ஆன்போர்டு’ அல்லது ‘சால்டர்டு’ என்று போட்டிருந்தால் அர்த்தம் இதுதான். ‘ஒன்று சால்டர், ஒரு ஸ்லாட்’ என்று இருந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம்.

இன்றைய தேதியில் 8 ஜிபி ரேமை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டோம். விண்டோஸ் 11 தன் பங்காக 3 முதல் 4 ஜிபி வரை எடுத்துக்கொள்ளும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாததால் திரைக்கான நினைவகமும் அதே ரேமிலிருந்துதான் போகும். மிச்சத்தில் பிரவுசர், டேலி, வீடியோ கால் மூன்றும் ஓடினால் இழுக்கத் தொடங்கும். 16 ஜிபி குறைந்தபட்சம். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ, விர்ச்சுவல் மெஷின் என்று போகிற பொறியியல் மாணவர்கள் 32 ஜிபிக்குப் பணம் ஒதுக்குங்கள்; ப்ராசஸரில் ஒரு படி இறங்கினாலும் பரவாயில்லை.

எஸ்எஸ்டி விஷயத்தில் பயம் குறைவு. விண்டோஸ் மாடல்கள் பலவற்றில் அதைக் கழற்றி மாற்றலாம். நீளம் மட்டும் கவனிக்க வேண்டும்: 2280 என்றால் 80 மில்லிமீட்டர், 2242 என்றால் 42, 2230 என்றால் 30. மெல்லிய உடலில் குட்டை அளவுதான் பொருந்தும் என்றால் கடையில் கிடைக்கும் வகைகளும் குறைவு. மேக்புக் ஏரில் இதுவும் சால்டர்தான். 512 ஜிபி என்று வாங்கியது விண்டோஸில் 476 ஜிபி என்று காட்டினால் யாரும் ஏமாற்றவில்லை. கணக்கிடும் முறை வேறு, அவ்வளவுதான்.

திரையில் இரண்டு எண்களைத் தேடுங்கள். பிரகாசம் 300 நிட்ஸ் என்றால் அறைக்குள் போதும். திண்ணையில், ஜன்னலோரத்தில், கல்லூரி வராண்டாவில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு 400 வேண்டும். நிறத்துக்கு, அதாவது திரை காட்டும் நிறங்களின் வீச்சுக்கு, ‘45 சதவீத என்டிஎஸ்சி’ என்று இருந்தால் சிவப்பு செங்கல் நிறமாகத் தெரியும். போட்டோ, டிசைன் வேலை செய்பவர்கள் ‘100 சதவீத எஸ்ஆர்ஜிபி’ உள்ளதைத்தான் எடுக்க வேண்டும். ஓஎல்இடி திரை அழகுதான். ஆனால் அதன் பளபளப்பில் பின்னால் இருக்கும் ஜன்னல் அப்படியே தெரியும், மாறாமல் நிற்கும் டாஸ்க்பார் நாளடைவில் தடம் பதிக்கவும் வாய்ப்பு உண்டு.

ப்ராசஸர் பெயரில் கடைசி எழுத்து முக்கியம். யு, வி என்று முடிபவை சிக்கனமானவை. ஹெச் என்று முடிபவை வேகமானவை, ஆனால் மெல்லிய உடலில் அந்த வேகம் முழுதாகக் கிடைக்காது. ஏன் என்பதைப் படி 4-இல் பார்ப்போம். ஸ்னாப்டிராகன் எக்ஸ் வரிசை ஏஆர்எம் வகை, அதாவது இன்டெல் சிப்பிலிருந்து வேறுபட்ட கட்டமைப்பு. பேட்டரி அருமையாக நிற்கும், சாதாரண மென்பொருளை எமுலேஷன் (மொழிபெயர்த்து ஓட்டும் முறை) மூலம் ஓட்டிவிடும். வெளிக்கருவிகளை இயக்கும் டிரைவருக்கு மட்டும் எமுலேஷன் கிடையாது. அது ஏஆர்எம்-க்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். ஜிஎஸ்டி, வருமான வரி வேலைக்கு டிஎஸ்சி (டிஜிட்டல் கையொப்ப) டோக்கன் செருகுபவர்கள், பழைய பிரிண்டரும் பயோமெட்ரிக் கருவியும் வைத்திருப்பவர்கள் தங்கள் கருவிக்கு அந்த டிரைவர் இருக்கிறதா என்று பார்க்காமல் இதை வாங்கக் கூடாது. அதேபோல், டேலியை நம்பிப் பிழைக்கும் அலுவலகத்துக்கு மேக்புக்கும் சரிவராது. டேலிபிரைம் விண்டோஸுக்கான மென்பொருள்.

படி 2: பில் போடும் முன்

ஒரே பெயரில் நாலைந்து வகைகள் விற்பனையில் இருக்கும். வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தாலும் திரையும் ரேமும் பேட்டரியும் வேறு வேறு. அதனால் பெயரைச் சொல்லாமல், பெட்டியின் ஸ்டிக்கரில் இருக்கும் முழு மாடல் எண்ணை வைத்து நிறுவனத்தின் தளத்தில் விவரத்தைப் பாருங்கள். புதுச்சேரி நேரு வீதிக் கடையாக இருந்தாலும் ஆன்லைனாக இருந்தாலும் இதில் வித்தியாசம் இல்லை.

புதுச்சேரியில் வரி குறைவு என்று கடலூரிலிருந்து போய் வாங்கிவந்த காலம் உண்டு. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு லேப்டாப்புக்கு இரு பக்கமும் 18 சதவீதம்தான். ஆகவே தள்ளுபடியையும் சர்வீஸையும் மட்டும் ஒப்பிடுங்கள்.

சர்வீஸ்தான் உண்மையில் பெரிய கேள்வி. ‘ஆன்சைட் வாரண்டி’ என்று போட்டிருந்தாலும் அது எல்லா ஊருக்கும் பொருந்தாது. நிறுவனத்தின் தளத்தில் உங்கள் பின்கோடைப் போட்டுப் பாருங்கள். புதுச்சேரி நகரின் 605001-க்கு வீட்டுக்கே வருபவர், கடலூரைத் தாண்டி உள்ளே இருக்கும் ஊருக்கு வராமல் போகலாம். எதிர்பாராச் சேதத்துக்கான பாதுகாப்புத் திட்டத்தை லேப்டாப் வாங்கிய புதிதில் மட்டுமே சேர்க்க முடியும், அந்தக் கால வரம்பையும் கேட்டுவையுங்கள். மெல்லிய லேப்டாப்புக்கு இதற்குச் செலவிடும் பணம் தகும். திரை உடைந்தாலோ தண்ணீர் கொட்டினாலோ சாதாரண வாரண்டி உதவாது. எல்லாம் ஒரே போர்டில் இருப்பதால் ஒரு சின்னப் பழுதுக்கு முழு மதர்போர்டையே மாற்றச் சொல்வார்கள்.

பில்லில் சீரியல் எண் இருக்க வேண்டும். பெட்டியிலும் லேப்டாப்பின் அடிப்பகுதியிலும் இருக்கும் எண்ணோடு அது ஒத்துப்போகிறதா என்று அங்கேயே பாருங்கள். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் தங்கள் எண்ணைப் பில் போடும்போதே கொடுத்துவிடுங்கள். ஆன்லைனில் வாங்கினால் சீல் பிரிப்பதிலிருந்து திரை ஒளிர்வது வரை இடைவெட்டு இல்லாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். பிறகு தகராறு வந்தால் உங்கள் கையில் இருக்கும் ஆதாரம் அதுதான்.

படி 3: முதல் இரண்டு நாள்

புதிய லேப்டாப் முதல் நாளில் சூடாகும், ஃபேன் இரையும், பேட்டரி மளமளவென்று இறங்கும். பின்னணியில் அப்டேட்டும் ஃபைல் இண்டெக்ஸிங்கும் ஓடுவதுதான் காரணம். அன்றைக்கே தீர்ப்பு எழுதாதீர்கள். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இதைச் செய்தால் பல ஜிபி டேட்டா போய்விடும், வீட்டு வைஃபையில் செய்யுங்கள். பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டைச் சார்ஜரைச் செருகி, பேட்டரி 50 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போதுதான் தொடங்க வேண்டும். பாதியில் நின்றால் போர்டே முடங்கும்.

அடுத்து, பலர் தவறவிடும் ஒன்று. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு விண்டோஸ் 11-ஐத் தொடங்கினால் பெரும்பாலும் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகி (பூட்டப்பட்டு) விடும். அதைத் திறக்கும் மீட்பு எண் 48 இலக்கம், அந்தக் கணக்கில் சேமிக்கப்படும். கடைக்காரர் தன் மெயிலைப் போட்டு செட்டப் செய்துகொடுத்தால் அந்த எண் அவர் கணக்கில் போய் உட்காரும். ஒரு பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகு திரை நீலமாகி எண்ணைக் கேட்டால் உங்கள் ஃபைல்கள் உங்களுக்கே எட்டாது. உங்கள் சொந்தக் கணக்கில் நீங்களே செட்டப் செய்யுங்கள். எண்ணைத் தாளில் எழுதிப் பில்லோடு வையுங்கள். கூடவே வரும் ஆஃபீஸ் மென்பொருளையும் அதே கணக்கில் உடனே ஆக்டிவேட் செய்யுங்கள், அதற்குக் காலக்கெடு உண்டு.

தமிழில் தட்டச்சு செய்ய வெளி மென்பொருள் தேவையில்லை. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் தமிழ் 99 விசைப்பலகை கிடைக்கும்.

படி 4: திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் சோதனை

திரையை முழுக் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று மாற்றி இருட்டறையில் பாருங்கள். ஒளிராத புள்ளி வெள்ளையில் தெரியும், ஓரத்து ஒளிக்கசிவு கறுப்பில் தெரியும். எல்லா யுஎஸ்பி-சி போர்ட்டிலும் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். சிலவற்றில் ஒன்றுதான் சார்ஜ் ஏற்கும், அதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது. கீபோர்டு, கேமரா, மைக், ஸ்பீக்கருக்கு ஐந்து நிமிடம் போதும். மூடியை நடுவில் பிடித்துத் திறங்கள். ஒரு மூலையைப் பிடித்துத் திறக்கும் பழக்கம்தான் பல கீல்களை உடைக்கிறது.

பேட்டரிக்கு டெர்மினலைத் திறந்து ‘powercfg /batteryreport’ என்று தட்டி பேட்டரி ரிப்போர்ட்டை எடுங்கள். ‘டிசைன் கெபாசிட்டி’, ‘ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி’ என்ற இரண்டு எண்கள் இருக்கும். புதியதில் இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். இரண்டாவது எண் முதலாவதில் 90 சதவீதத்துக்கும் கீழே இருந்தாலோ, சைக்கிள் (முழுச் சார்ஜ் ஏற்றி இறக்கிய) எண்ணிக்கை ஏற்கெனவே இருபது முப்பதைத் தொட்டிருந்தாலோ அது டிஸ்ப்ளேயில் வைத்த பீஸாகவோ திரும்பி வந்த பீஸாகவோ இருக்கலாம். மாற்றித் தரச் சொல்லுங்கள்.

எத்தனை மணி நேரம் நிற்கும் என்பதை நீங்களே கணக்கிடலாம். பேட்டரியின் வாட்-அவரை, வேலை இழுக்கும் வாட்டால் வகுக்க வேண்டும். 56 வாட்-அவர் பேட்டரியில் டைப்பிங்கும் பிரவுசிங்கும் 7 வாட் இழுத்தால் 8 மணி நேரம். வீடியோ கால் 14 வாட் இழுத்தால் 4 மணி நேரம். முழு பாரத்தில் 35 வாட் என்றால் ஒன்றரை மணி நேரம்தான். ‘18 மணி நேரம்’ என்ற விளம்பரம், குறைந்த வெளிச்சத்தில் வீடியோ மட்டும் ஓடவிட்டு எடுத்த கணக்கு.

இனி வேகம். மெல்லிய லேப்டாப் முதல் அரை நிமிடத்துக்கு 50, 60 வாட் வரை இழுத்து அதிவேகத்தில் ஓடும். பிறகு உடல் சூட்டைத் தாங்காது என்பதால் 20 முதல் 28 வாட்டுக்குத் தன்னைத்தானே இறக்கிக்கொள்ளும். ஆப் திறப்பது, பெரிய எக்ஸெல் ஃபைலைக் கணக்கிடுவது எல்லாம் அந்த அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும் என்பதால் சாதாரண வேலையில் இது தெரியவே தெரியாது. ஒரு மணி நேரக் கல்யாண வீடியோவை எக்ஸ்போர்ட் செய்தால்தான் தெரியும்.

சோதிக்க, சினிபெஞ்ச் என்ற இலவச மென்பொருளை ஒரே ஒரு முறை ஓட்டி மதிப்பெண்ணைக் குறியுங்கள். பிறகு பத்து நிமிடம் தொடர்ந்து ஓட்டிக் குறியுங்கள். கால்வாசி வரை குறைந்தால் இந்த வகைக்கு அது இயல்பு. பாதியாகக் குறைந்தால் பவர் மோடையும் சார்ஜரின் வாட்டையும் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தும் அப்படியே என்றால் சூட்டைக் கடத்தும் ஹீட்சிங்க் சரியாகப் படியாத பீஸாக இருக்கலாம்.

இங்கே நம் ஊர் வெயில் கணக்குக்குள் வருகிறது. சிப் தாங்கும் உச்சம் 100 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏசி அறையில் காற்று 25 டிகிரி என்றால் சூட்டை வெளியே தள்ள 75 டிகிரி வித்தியாசம் கிடைக்கிறது. அக்னி நட்சத்திரத்தில் அறை 38 டிகிரியில் இருந்தால் 62 மட்டுமே. அதே ஃபேன் வேகத்தில் வெளியேற்ற முடிகிற சூடு ஏறக்குறைய 17 சதவீதம் குறைகிறது. வேகமும் அதற்கேற்பக் குறையும். இது பழுதல்ல. மேக்புக் ஏருக்கு ஆப்பிளே குறிப்பிடும் இயங்கு வெப்பநிலை 10 முதல் 35 டிகிரி வரைதான், அதில் ஃபேனும் இல்லை. மே மாத மதியத்தில் மெத்தை மேலோ பாய் மேலோ வைத்தால் அடிப்பக்கக் காற்றுவழி அடைபட்டு இன்னும் மோசமாகும். பின்பக்கத்தை இரண்டு மூன்று சென்டிமீட்டர் தூக்கி வைத்தாலே வித்தியாசம் தெரியும். கூலிங் பேடுக்கு ஆயிரக்கணக்கில் செலவிடத் தேவையில்லை.

படி 5: தொட்டால் சுர்ரென்று இழுத்தால்

அலுமினிய உடல் உள்ள லேப்டாப்பைச் சார்ஜ் போட்டபடி மணிக்கட்டை வைத்தால் மெல்லிய கூச்சம் தெரியும். நியான் டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரியும். பலர் இதைப் பார்த்துப் பயந்து சர்வீஸுக்கு ஓடுகிறார்கள். சார்ஜருக்குள் மின்னிரைச்சலை வடிகட்டும் கெபாசிட்டர் வழியாக மிகச் சிறிய கசிவு உடலுக்கு வருகிறது; எர்த் இணைப்பு இருந்தால் அது அங்கே போய்விடும், இல்லாவிட்டால் உங்கள் கை வழியாகப் போகும். டச்பேடில் கர்சர் தானாகத் துள்ளுவதற்கும் சில நேரம் இதுதான் காரணம்.

மூன்று முள் பிளக் உள்ள சார்ஜரை, எர்த் உள்ள சாக்கெட்டில் நேரடியாகச் செருகுங்கள். இரண்டு முள் கன்வெர்ட்டர் வேண்டாம். அப்படியும் இருந்தால் சாக்கெட்டில் எர்த் வேலை செய்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதியுங்கள். கடலோர உப்பு மண்ணில் எர்த் பைப் அரித்துப்போவது சாதாரணம். பழைய வீடுகளில் மூன்றாவது துளை இருக்கும், கம்பி இருக்காது. கூச்சம் அளவில் நிற்காமல் பட்டென்று தூக்கியடித்தால் அது கசிவு அல்ல. சுவிட்சை அணைத்துவிட்டு அந்தச் சார்ஜரையே ஒதுக்குங்கள்.

படி 6: பைக்குள் போகும் முன்

மூடியை மூடினால் லேப்டாப் தூங்குகிறது என்று நினைக்கிறோம். இப்போதைய மாடல்களில் அது அரைத் தூக்கம்தான். இடையிடையே விழித்து மெயில் பார்க்கும், அப்டேட் இறக்கும். மூடிய பைக்குள் இது நடந்தால் கடலூரிலிருந்து புதுச்சேரி போய்ச் சேர்வதற்குள் பை சூடாகியிருக்கும், பேட்டரி பாதியாகியிருக்கும். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குப் போய், மூடியை மூடினால் ‘ஹைபர்னேட்’ ஆகும்படி (வேலையை எஸ்எஸ்டியில் எழுதிவிட்டு முழுதாக அணையும்படி) மாற்றுங்கள். அந்தத் தேர்வு தெரியாவிட்டால் டெர்மினலை அட்மினாகத் திறந்து ‘powercfg /hibernate on’ என்று இயக்குங்கள். திரும்ப விழிக்கச் சில நொடி கூடுதலாகும், அவ்வளவுதான். எஸ்எஸ்டி தேயும் என்ற கவலை வேண்டாம். தினம் 10 ஜிபி எழுதினாலும் ஆண்டுக்கு 4 டிபிக்குள்தான் வரும்.

கூட்டமான பஸ்ஸில் பையை மார்புப் பக்கம் மாட்டுங்கள். மெல்லிய மூடியின் மேல் முழங்கை அழுத்தினால் திரையில் வெள்ளைப் புள்ளி விழும். மூடும் முன் கீபோர்டு மேல் பேனாவோ இயர்ஃபோனோ இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள்.

படி 7: உப்புக் காற்றும் மழைக்காலமும்

உப்பு ஈரத்தை இழுக்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பே கசிந்து கரையத் தொடங்கும். நம் கடற்கரையில் இரவு நேரத்தில் அந்த அளவு சர்வசாதாரணம். ஃபேன் உள்ளே இழுத்த உப்புத் தூசி போர்டில் படிந்து, இரவில் ஈரமாகி, மின்சாரம் கடத்தும் மெல்லிய படலமாகிறது. யுஎஸ்பி-சி முனையில் பச்சைப் பூப்பு தெரிந்தால் உள்ளேயும் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இந்த அரிப்புக்கு வாரண்டி பெரும்பாலும் பதில் சொல்லாது.

கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேராக மேசையைப் போடாதீர்கள். தினமும் கொஞ்ச நேரமாவது இயக்குங்கள், உள்சூடு ஈரத்தை விரட்டும். வாரக்கணக்கில் ஊருக்குப் போவதானால் பேட்டரியை 50 சதவீதத்தில் வைத்து அணைத்து, காற்றுப் புகாத டப்பாவில் 100 கிராம் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். குளிர்ந்த ஏசி அறையிலிருந்து வெளியே கொண்டுவந்ததும் திறக்க வேண்டாம், வேர்த்துவிடும். பைக்குள்ளேயே அரை மணி நேரம் இருக்கட்டும்.

வடகிழக்குப் பருவமழையில் இடி இடித்தால் சார்ஜரோடு லேன் கேபிளையும் பிடுங்குங்கள். 2011 டிசம்பர் 30-இல் தானே புயலும் 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயலும் இந்தக் கரையைத்தான் கடந்தன. எச்சரிக்கை வந்ததும் பேட்டரியை 100 சதவீதம் ஏற்றி, முக்கிய ஃபைல்களை வெளியே ஒரு பிரதி எடுத்து, ஜிப் உள்ள பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரணில் வையுங்கள். 45 வாட்டுக்குக் குறையாமல் தரும் யுஎஸ்பி-சி பவர்பேங்க் ஒன்று கூட இருந்தால் நல்லது. 20,000 எம்ஏஹெச் என்பது 74 வாட்-அவர். இழப்பு போக, 56 வாட்-அவர் பேட்டரியை ஏறக்குறைய ஒரு முறை நிரப்பும்.

படி 8: பேட்டரியை நீண்ட நாள் காக்க

லித்தியம் பேட்டரியை முதுமைப்படுத்துவது இரண்டு: சூடு, முழுச் சார்ஜ். இரண்டும் சேர்ந்தால் இன்னும் வேகம். மேசையிலேயே செருகி வைத்து வேலை செய்பவர்கள் 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதியை இயக்குங்கள். லெனோவோவில் வான்டேஜ், ஏசுஸில் மைஏசுஸ், ஹெச்பியில் பயாஸ் என்று இடம்தான் மாறும். மாதப் பராமரிப்பு மின்தடை அறிவித்திருந்தால் முந்தின இரவு மட்டும் வரம்பை எடுத்துவிடுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒருபோதும் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

ஓரிரு ஆண்டு கழித்து டச்பேடின் கிளிக் திடீரென்று கெட்டியானாலோ, மூடி ஒரு பக்கம் சரியாகப் படியாவிட்டாலோ, சமதளத்தில் வைத்தால் அடிப்பகுதி ஆடினாலோ உள்ளே பேட்டரி உப்பியிருக்க வாய்ப்பு அதிகம். அழுத்திச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். உடனே அணைத்து, எரியும் பொருள் பக்கத்தில் இல்லாத இடத்தில் வைத்து, சர்வீஸ் சென்டரில் மாற்றுங்கள். பழைய பேட்டரியை வீட்டுக் குப்பையில் போடாமல் அங்கேயே ஒப்படைத்துவிடுங்கள். மாற்றும்போது விலை குறைவு என்று பெயர் தெரியாத பேட்டரியை வாங்க வேண்டாம். இத்தனை மெல்லிய உடலுக்குள் அரை மில்லிமீட்டர் தடிமன் கூடினாலும் அது டச்பேடைத்தான் கீழிருந்து அழுத்தும்.